கோடைதான் நம் குளிர்காலம்



ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று எந்த ஊரிலிருந்தும் தை மாதத்தில் உறவினர் அனுப்பும் வீட்டுப் படங்களைப் பார்த்தால், ஜன்னலோரம் ஒரு பூச்சாடி நிற்கும். வெளியே உறைபனி. உள்ளே வெள்ளை நார்சிசஸ், ஊதா ஹயசிந்த், அல்லது கையகலச் சிவப்பு அமரில்லிஸ். மண்ணே இல்லாமல், கண்ணாடிச் சாடித் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டபடி பூத்துக் கிடப்பதும் உண்டு. படத்தைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பூத்தோட்டப் பிரியர் உடனே கேட்பது, “அந்தக் கிழங்கில் இரண்டை இங்கே அனுப்பினால் பூக்குமா?” என்பதுதான்.

சில பூக்கும். பல பூக்காது. விவசாயத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பவும் கூடாது. ஆனால் அந்தச் சாடிக்குள் நடக்கும் வித்தை யாழ் குடாநாட்டுக்குப் புதிதல்ல. குளிர்நாட்டார் குளிரைக் கொண்டு செய்வதை யாழ்ப்பாணத்தார் கோடையைக் கொண்டு செய்யலாம். அதற்கான கிழங்கு வேலியோரத்திலேயே கிடக்கிறது. இன்றைய பேச்சு அந்தக் கிழங்கைப் பற்றியது. அதற்கு முன் குளிர்நாட்டு வித்தை என்ன என்று பார்த்துவிடலாம்.

குமிழுக்குள் இருக்கும் பூ

குமிழ் என்பது செடி தன் அடுத்த பயணத்துக்குக் கட்டிவைத்த கட்டுச்சோறு. வெங்காயத்தை நெடுக்காக வெட்டினால் தெரியும் தடித்த அடுக்குகள் எல்லாம் உணவு சேர்த்த இலைகள். நடுவில் ஒடுங்கியிருப்பது முளை. ரியூலிப், ஹயசிந்த், நார்சிசஸ் மூன்றும் இதே கட்டமைப்பு உள்ளவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கடையில் வாங்கும் நல்ல ரியூலிப் குமிழைச் செப்ரெம்பரில் வெட்டிப் பார்த்தால், அடுத்த வசந்தத்தில் விரியவேண்டிய பூ இதழும் மகரந்தப் பையும் சூலகமுமாகச் சின்ன உருவில் உள்ளே ஏற்கெனவே உருவாகியிருக்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரில் பணியாற்றிய அன்டன் ஹென்ட்ரிக் பிளாவ். 1920களிலும் 1930களிலும் அவரும் உடனிருந்தோரும் குமிழ்களைப் பல்வேறு வெப்பநிலைகளில் வைத்து, குறித்த இடைவெளிகளில் வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து இரண்டு படிகள் தெளிவாயின. தோண்டி எடுத்தபின் வரும் கோடைச் சூட்டில் குமிழுக்குள் பூ உருவாகிறது. அதன்பின் வரும் நீண்ட குளிரில் தண்டு நீள்வதற்கான ஆயத்தம் நடக்கிறது. முதலாவது தவறினால் பூவே இல்லை. இரண்டாவது தவறினால் பூ உள்ளேயே முடங்கும், அல்லது தண்டில்லாமல் இலைகளுக்குள் பதுங்கிக் கருகும்.

இந்தக் கணக்கு தெரிந்தபின் மற்றதெல்லாம் எளிது. ரியூலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 கிழமை வரை, 2 முதல் 9 பாகை செல்சியஸ் வரையான குளிர் வேண்டும். இயற்கை தரும் குளிர் முடிய மார்ச் ஆகும். தோட்டக்காரர் அதே குளிரைச் செப்ரெம்பரிலேயே குளிரறையில் கொடுத்துவிட்டு, டிசெம்பரில் சாடியை வெதுவெதுப்பான அறைக்கு மாற்றுகிறார். குளிர்காலம் கழிந்துவிட்டது என்று குமிழ் நம்புகிறது. நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் பூக்கிறது.

அமரில்லிஸ் என்று கடைகளில் விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரம் வேறு வகை. அது தென்னமெரிக்காவின் செடி. உறைகுளிர் அதற்கு வேண்டாம். சில கிழமைகள் வறண்டு உறங்கி எழுந்தால் போதும். சாடியில் நட்டு ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் பூத்துவிடும். வெள்ளை நார்சிசஸில் ஒரு வகைக்கும் குளிரூட்டல் தேவையில்லை. கூழாங்கல்லும் தண்ணீரும் இருந்தால் நான்கு முதல் ஆறு கிழமைகளுக்குள் மணம் வீசும்.

ஒவ்வொரு குமிழும் தன் சொந்த ஊரின் கடுமையான பருவத்தை எதிர்பார்த்தபடி பிறக்கிறது. மத்திய ஆசிய மலைச்சாரலில் பிறந்த ரியூலிப்புக்கு அந்தக் கடுமை உறைபனி. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் நிலத்தில் பிறந்ததற்கு அது வறட்சி. பருவத்தைப் போலி செய்து காட்டுவதற்கு முன், எந்தப் பருவத்தைப் போலி செய்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது ரியூலிப்பை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். மார்கழி, தை மாதத்துப் பனியிலும் இங்கே இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே தோட்டம் உதவாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைக்கலாம். ஆனால் அதே பெட்டியில் மாம்பழமோ வாழைப்பழமோ அப்பிளோ இருந்தால், பழம் விடும் எதிலீன் வாயு குமிழுக்குள் இருக்கும் பூவைக் கொன்றுவிடும். இதையெல்லாம் தாண்டி வெளியே எடுத்து நட்டாலும், பகல் 30 பாகையில் பூ அவசரமாக விரிந்து அவசரமாக உதிரும். டெல்லி நகரசபை ஒவ்வொரு வருடமும் நெதர்லாந்திலிருந்து குமிழ்களை இறக்குமதி செய்து பெப்ரவரியில் வீதியோரம் பூக்க வைக்கிறது; டெல்லிக்குக் குளிர் இருக்கிறது, அப்படியிருந்தும் அடுத்த வருடம் புதிய குமிழ்தான் வாங்கவேண்டியிருக்கிறது. குடாநாட்டில் ரியூலிப் வளர்ப்பது ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். தோட்டக்கலையாக நிலைக்காது.

லெய்டன் தோட்டத்தில் இலங்கைக் கிழங்கு

ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். அதற்கு 21 வருடங்களுக்கு முன், 1637 பெப்ரவரியில், அவர்களுடைய சொந்த நாட்டில் ரியூலிப் குமிழ்ச் சந்தை சரிந்து விழுந்திருந்தது. ஒரு குமிழுக்கு வீட்டு விலை பேசிய காலம் அது. அந்த நாட்டுக்காரர் 1795 வரை 137 வருடங்கள் இங்கே இருந்தார்கள். கோட்டை, தேவாலயம், தோம்பு, சட்டம் என்று பலவற்றை விட்டுச்சென்றார்கள். ரியூலிப் மட்டும் இந்த மண்ணில் குடியேறவில்லை. ஆனால் இங்கிருந்து ஒரு கிழங்கு அங்கே போய்ச் சேர்ந்தது.

நெதர்லாந்தில் ரியூலிப்பின் கதை லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தோடு தொடங்குவதாகச் சொல்வார்கள். 1593இல் அங்கே வந்து சேர்ந்த தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் நட்ட குமிழ்கள் 1594இல் பூத்தன. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அதே தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் போல் ஹேர்மன். அவர் 1672 முதல் சில வருடங்கள் கொழும்பில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்து, இலங்கைச் செடிகளைத் திரட்டியவர். 1687இல் அவர் வெளியிட்ட லெய்டன் தோட்டச் செடிகளின் பட்டியலில் ஒரு பூவுக்குப் படமும் உண்டு: ஆறு இதழும் பின்னோக்கி மடிந்து மேலெழும், இலைநுனி சுருண்டு பற்றிக்கொள்ளும் ஒரு கொடி. கார்த்திகைப்பூ.

பத்து வருடங்கள் கழித்து, 1697இல், ஆம்ஸ்ரர்டாம் மருத்துவத் தோட்டத்தைப் பற்றி யான் கொம்மலின் எழுதிய பெரிய நூல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. அதிலும் இதே கொடி, இலங்கையின் அற்புத லில்லி என்ற பொருள் தரும் இலத்தீன் பெயரோடு இருக்கிறது. ஹேர்மன் சேர்த்த உலர்செடிகளை வைத்தே தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். 1753இல் அவர் இந்தக் கொடிக்குக் குளோரியோசா சுப்பேர்பா என்று பெயரிட்டபோது, ஹேர்மனையும் கொம்மலினையும் மேற்கோள் காட்டினார். ஹேர்மனின் உலர்செடித் தொகுப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

அந்தக் காலத்து ஒல்லாந்தத் தோட்டக்காரருக்கு வந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். உள்ளூர்க் குமிழ்களுக்குக் குளிர் கொடுத்துப் பழகிய கை அது. இந்தக் கிழங்குக்கோ குளிர் நஞ்சு. அடுப்பு மூட்டிச் சூடாக்கிய கூடங்களில் வைத்துத்தான் வெப்பநாட்டுச் செடிகளை அவர்கள் காத்தார்கள். ஒரே தோட்டத்துக்குள் இரண்டு நாட்டுப் பருவங்கள் ஓடவேண்டியிருந்தது.

வேலியோரத்து நாள்காட்டி

கார்த்திகைப்பூவை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கிளுவை, பூவரசு வேலிகளில் ஏறும். வடலிப் பற்றைகளில் படரும். செங்காந்தள் என்ற பெயரில் சங்கப் பாட்டுகளில் நிறைந்திருக்கும் பூ அது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பதும், திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் கண்ணியாக இருப்பதும் காந்தளே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வேயின் தேசிய மலர். ஈழத்தில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 27 அன்று பலரும் கையில் எடுப்பதும் இதைத்தான். அந்தப் பருவத்தில்தான் இது இயல்பாகப் பூக்கிறது.

அந்த இயல்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குடாநாட்டின் வருட மழையில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழை இறங்கியதும் நிலத்தடியில் கிடக்கும் கிழங்கின் நுனி முளைக்கும். கொடி ஆளுயரம் எழும், கார்த்திகையில் பூக்கும். காய் முற்றும்போது கொடி மஞ்சளாகும். மாசிக்குள் மேலே ஒன்றும் மிஞ்சாது. நட்ட கிழங்கு இதற்குள் சுருங்கி மறைந்திருக்கும். அதற்குப் பதில் கலப்பை போல் கவர்விட்ட புதுக்கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். கலப்பைக் கிழங்கு என்று சித்த மருத்துவர் சொல்வது இதையே. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை அந்தப் புதுக்கிழங்கு சூடேறிய வறண்ட மண்ணில் உறங்கும்.

ரியூலிப்புக்குள் பூ முன்கூட்டியே உருவாகியிருக்கும் என்று சொன்னேனே, இங்கே அப்படியில்லை. கார்த்திகைக் கிழங்கில் பூ, முளைத்தபின் எழும் புதுக்கொடியில்தான் உருவாகும். ஆகவே இரண்டு காரியங்கள்தான் முக்கியம்: கிழங்கின் பருமன், உறக்கத்தின் முழுமை. சிறிய கிழங்கு இலையோடு நின்றுவிடும். உறக்கம் நிறைவேறாத கிழங்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, அழுகினாலும் அழுகும். உறக்கம் முடிந்த கிழங்கு தண்ணீருக்கும் சூட்டுக்கும் உடனே எழும்பும். மண் 21 முதல் 24 பாகை வரை இருந்தாலே அதற்குப் போதும். முளையெழ வைத்த நாளிலிருந்து எட்டு முதல் பத்துக் கிழமைகளில் முதற்பூ வரும்.

குளிர்நாட்டில் குளிரறை செய்யும் வேலையை இங்கே மழையில்லாத ஆறு மாதம் செய்துவிடுகிறது. தோட்டக்காரர் செய்யவேண்டியது தண்ணீரை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பது மட்டுமே.

இது வெறும் ஊகமல்ல. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பகுதிகளில், இதைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் வயலில் பயிரிடுகிறார்கள். விதையில் இருக்கும் கொல்சிசின் என்ற மருந்துச் சரக்குக்காகத்தான் பயிர், விதை ஏற்றுமதியாகிறது. வடகீழ் மழைக்குக் காத்திராமல் ஆனி, ஆடியில் கிழங்கை ஊன்றி, பந்தல் கட்டி, நீர் பாய்ச்சி, முந்திப் பூக்க வைக்கிறார்கள். காய் நிறையப் பிடிக்கவேண்டும் என்பதால் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பதும் உண்டு.

இன்னும் தூரம் போனால், ஜப்பானின் ஷிகொக்கு தீவிலுள்ள கோச்சி மாவட்டம். அங்கே கண்ணாடி, பிளாஸ்ரிக் கூடங்களில் குளோரியோசாவை வெட்டுப்பூவாக வளர்க்கிறார்கள். கிழங்குகளைத் தொகுதி தொகுதியாக உறங்கவைத்து, தொகுதி தொகுதியாக எழுப்பி, வருடம் முழுவதும் பூச்சந்தைக்கு அனுப்புகிறார்கள். நெதர்லாந்தின் கூடங்களிலும் இதே தொழில் நடக்கிறது.

புகையும் வெங்காயமும்

குளிர், வறட்சி தவிர மூன்றாவது ஒரு கருவியும் இருக்கிறது: புகை.

இங்கிலாந்தின் தென்மேற்கே சில்லித் தீவுகளில் மஞ்சள் நார்சிசஸ் பயிரிடும் விவசாயிகள், குமிழ் உறங்கும் கோடையில் வயல்மேல் வைக்கோலை எரிப்பது வழக்கமாக இருந்தது. எரித்த வயல் மற்ற வயல்களை முந்திப் பூத்தது, பூவும் கூடியது. இப்போது வயலைப் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி அடியில் புகையைச் செலுத்துகிறார்கள். சூடுதான் காரணம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். உண்மையில் வேலை செய்தது புகையிலிருந்த எதிலீன். வாழைக்குலையைக் குழியில் அடுக்கி, வாயை மூடி, தென்னம்பொச்சுப் புகையை ஊதிப் பழுக்கவைத்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் கையாண்டதும் இதே வாயுவைத்தான். ரியூலிப் பூவைக் கொல்லும் எதிலீன் நார்சிசஸை எழுப்புகிறது. அளவும் நேரமும் செடியின் இனமும் வேறாகும்போது விளைவும் வேறாகிறது.

குமிழின் உறக்கத்தைக் குடாநாட்டில் மிகக் கூர்மையாக அறிந்தவர் வெங்காயத் தோட்டக்காரர். கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர், சுன்னாகம் என்று செம்மண் பரந்த ஊர்களில் சின்ன வெங்காயத்தை விதையால் அல்ல, குமிழால் நடுகிறார்கள். அறுவடை செய்த வெங்காயத்தை உடனே ஊன்றினால் ஒழுங்காக முளைக்காது என்பது அவர்களுக்குப் பாடமில்லாமலே தெரியும். பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமான கொட்டிலில் தூக்கிவைத்து, உறக்கம் கழிந்தபின்பே நடுவார்கள். நடுமுன் நுனியைச் சிறிது வெட்டிவிடுவதும் உண்டு; காற்றும் ஈரமும் உள்ளே புக, முளை விரைந்து ஒருசீராக எழும்.

அந்த வெங்காயம் பூக்கவும் செய்யும். வெங்காயம் பூக்கத் தூண்டுதல் குளிர். குடாநாட்டில் அதற்குக் கிடைப்பது மார்கழி, தை மாதத்து மென்குளிர் மட்டுமே. வகைக்கு வகை இது மாறும், எல்லாம் பூப்பதில்லை. பூக்காம்பு எழுந்தால் குமிழ் சிறுக்கும் என்பதால் தோட்டக்காரருக்கு அது நட்டம். சமையற்கட்டுக்கு அது லாபம்: பூக்காம்பைக் கிள்ளி, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்துவிடுவார்கள். கனடாவில் ஜன்னலோரம் வைத்து அழகு பார்ப்பதற்கு உறவான ஒன்றை யாழ்ப்பாணத்தில் சோற்றோடு சாப்பிடுகிறார்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் காட்ட விரும்பினால் மழை லில்லியில் தொடங்கலாம். விலை குறைவு, சாகாது. சாடியைச் சில கிழமைகள் மழைபடாத திண்ணையில் காயவிட்டு, ஒருநாள் நன்றாக நனைத்தால், சில நாட்களில் இளஞ்சிவப்புப் பூ எழும். ஹிப்பியாஸ்ட்ரமும் இதற்கு இசையும். இரண்டு மாதமளவு தண்ணீர் நிறுத்திப் பிறகு கொடுக்கவேண்டும்.

திருநாளிலிருந்து பின்னோக்கி

பூவைக் காலத்துக்கு வரவழைக்கும் ஆசை எங்கும் ஒரு திருநாளைச் சுற்றியே பிறந்திருக்கிறது. தென்சீனாவின் ஷாங்ஷௌவில் நார்சிசஸ் குமிழைக் கத்தியால் செதுக்கி, தட்டுத் தண்ணீரில் வைத்து, சீனப் புத்தாண்டன்று பூக்கும்படி கணக்கிடுகிறார்கள். ஈரானில் நவுரோஸ் படையலில் ஹயசிந்த் இருக்கும். ஐரோப்பாவில் நத்தார்.

நமது திருநாள்களுக்கும் இந்தக் கணக்கைப் போடலாம். நட்டதிலிருந்து முதற்பூவுக்கு 70 நாள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 27க்குப் பூ வேண்டுமானால் செப்ரெம்பர் 18 அன்று கிழங்குக்கு முதல் தண்ணீர் விழவேண்டும். தைப்பொங்கலுக்கு வேண்டுமானால் நவம்பர் 5. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒக்ரோபர் மழை அந்தக் கிழங்கைத் தொடக்கூடாது. தோண்டி எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து, வீட்டுக்குள் வைத்திருக்கவேண்டும்.

நல்லூர்த் திருவிழா இன்னும் சுவையான சோதனை. ஆடி, ஆவணியில் 25 நாள் நடக்கும் அந்த விழாவுக்குக் காந்தள் சாடிகளைப் பூக்கவைக்க, ஆனித் தொடக்கத்தில் கிழங்கை எழுப்பவேண்டும். மாசியில் உறங்கப்போன கிழங்கு அதற்குள் மூன்று, நான்கு மாத ஓய்வை முடித்திருக்கும். இடைஞ்சல் வறட்சியல்ல, சோளகக் காற்று. ஆனி, ஆடியில் அது குருத்தை முறித்துவிடும். மதில் மறைவோ கிடுகுத் தட்டியோ இல்லாமல் அந்த நேரத்தில் கொடியை வளர்க்க முயல்வது வீண். ஒரு கொடியில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால், முதற்பூ ஒரு கிழமை முந்தினாலும் திருவிழா நாளில் சாடி வெறுமையாக இராது.

புலம்பெயர்ந்த ஊர்களில் கணக்கு தலைகீழ். அங்கே கிழங்குக்குக் குறைவது உறக்கமல்ல, சூடும் வெளிச்சமும். கோடையில் வெளியே வளர்த்த கொடியை முதல் உறைபனிக்கு முன் உள்ளே எடுக்காவிட்டால் கிழங்கே போய்விடும். உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ 15 முதல் 18 பாகை வரையான இடத்தில் வைப்பது பாதுகாப்பு. ரியூலிப்பைப் போல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கெடும். நவம்பர் 27க்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ வீட்டுக்குள் பூக்கவைக்க நினைப்பவர் 12 கிழமை ஒதுக்கி, செப்ரெம்பர் 4 அளவில் தொடங்குவது நல்லது. இலையுதிர்காலத்து ஜன்னல் வெளிச்சம் போதாது, வளர்ப்பு விளக்கு ஒன்றும் தேவைப்படும். முந்திய கோடையில் வெளியே பூத்த அதே கிழங்கைச் செப்ரெம்பரில் எழுப்பவும் முடியாது. அதற்கென்று தனியாக ஒரு தொகுதியை மாசியில் நட்டு, ஆனிக்குள் உறங்கவைத்திருக்கவேண்டும். இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்கள் பூக்கடையில் ஒல்லாந்துக் குளோரியோசாவை வாங்குகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போன கிழங்கைச் சூடாக்கிய கூடத்தில் வைத்துக் காத்த நாடு, இப்போது அந்தப் பூவை ஈழத்தமிழருக்கே விற்கிறது.

நடும் முறை, நஞ்சு

சாடி ஓரடி அகலமாவது இருக்கட்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து, தண்ணீர் தேங்காமல் வடியவேண்டும். கிழங்கைப் படுக்கையாக வைத்து ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்தில் மூடவேண்டும். கவனம் முழுவதும் நுனியில் இருக்கவேண்டும்: முளைக்கண் கிழங்கின் கவர்நுனியில் மட்டுமே உண்டு, உருளைக்கிழங்கு போல் துண்டாக்கினால் ஒன்றும் வராது. நுனி ஒடிந்த கிழங்கை நடுவது வீண். முளை காணும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும், நனைந்து கிடக்கக்கூடாது. கொடி எழுந்ததும் பனைமட்டையோ கம்பிவலையோ பற்றுக்குக் கொடுக்கவேண்டும். இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும். பூத்து முடிந்தபின் கொடியை வெட்டக்கூடாது. அது பச்சையாக நிற்கும் கிழமைகளில்தான் அடுத்த வருடத்துக் கிழங்கு பருக்கிறது. தானாகப் பழுத்து விழுந்தபின் தண்ணீரை நிறுத்தி, சாடியை மழைபடாத இடத்தில் சரித்து வைக்கலாம்.

விதையிலிருந்து தொடங்க எண்ணுபவர்கள் பூப்பார்க்கச் சில வருடங்கள் காத்திருக்கவேண்டும். காட்டில் தோண்டி எடுப்பதும் நல்ல வழியல்ல. வேலியோரத்தில் ஏற்கெனவே குறைந்துவருவதை இன்னும் குறைப்பதாகும். வீட்டில் வளர்ப்பவரிடம் ஒரு கிழங்கு வாங்குவதே நேர்வழி.

கடைசியாக, கட்டாயமாகச் சொல்லவேண்டியது. இந்தச் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கு மிகக் கொடியது. கொல்சிசின் அளவோடு இருந்தால் ‘கௌட்’ எனப்படும் மூட்டுவாதத்துக்கு மருந்து. 1937இல் பிளேக்ஸ்லி, ஏவரி என்ற ஆய்வாளர்கள் இதைக் கொண்டே செடிகளின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். கலம் பிரிவதை இடையில் நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. அதே ஆற்றல்தான் உடலுக்குள் போனால் ஆளைக் கொல்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. கிழங்கை உண்டு உயிர்தப்பிய ஒருவருக்கு உடல் முழுவதும் மயிர் கொட்டிய செய்தி 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இலங்கையிலிருந்து பதிவானது. வயிற்றோட்டமும் வாந்தியும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும்; அதற்குள் நஞ்சு வேலையைத் தொடங்கியிருக்கும். ஆகவே சமையலறையிலோ கிழங்குகள் வைக்கும் கூடையிலோ இது இருக்கவே கூடாது. மணல் நிரப்பிய தகரப் பெட்டியில், பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். கிழங்கைத் தொட்டபின் கை கழுவவேண்டும். ஆடு, மாடு உள்ள வளவில் சாடியை எட்டாத இடத்தில் நிறுத்தவேண்டும். யாராவது தவறி உண்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இந்த வருடம் முயலவிரும்புவோர் மூன்று சாடிகளோடு தொடங்கலாம். முதலாவதற்கு ஆவணி நடுவில், இரண்டாவதற்குப் புரட்டாதி முதல் நாளில், மூன்றாவதற்குப் புரட்டாதி நடுவில் தண்ணீர் விடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நட்ட திகதி, முளை கண்ட திகதி, முதல் மொட்டு, முதல் பூ என்று நான்கு திகதிகளைக் கொப்பியில் எழுதிவைத்தால் போதும். இங்கே சொன்ன 70 நாள் தோராயக் கணக்கு. உரும்பிராய்ச் செம்மண்ணும் பருத்தித்துறை மணலும் தீவகத்துக் காற்றும் அதை ஒரே மாதிரி வைத்திருக்க மாட்டா. பத்து வீடுகளின் கொப்பிகள் சேர்ந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்து மாணவர் ஒருவர் அதை வைத்து நல்ல ஆய்வொன்று செய்துவிடலாம். வெங்காயக் கொட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது அவையில் இருந்தால், கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.